மீன் கொலாஜன் சீரம்: எந்த விலைக்குத் தகும்?

‘மரைன் கொலாஜன்’ என்று அச்சிட்ட சீரமும் கிரீமும் இணையத்தில் ஆர்டர் செய்தால் பள்ளிப்பட்டு போன்ற சிற்றூர்களுக்கும் வீடு தேடி வந்துவிடுகின்றன. மீன் பதப்படுத்தும் ஆலைகளில் மிஞ்சும் தோலும் செதிலும்தான் மூலப்பொருள். அவற்றிலிருந்து பிரித்த கொலாஜன் புரதத்தை நொதிகளால் துண்டாக்கினால், நீரில் எளிதில் கரையும் பெப்டைடுகள் கிடைக்கின்றன. சேர்மானப் பட்டியலில் இதன் பெயர் ‘ஹைட்ரோலைஸ்டு கொலாஜன்’. நன்கு சுத்திகரித்ததில் கவிச்சி வாடை வருவதில்லை. ஈர முகத்தில் வழவழவென்று பரவுகிறது. காயும்போது தோலை மெல்ல இழுத்துப் பிடிக்கிறது. நுண்சுருக்கமும் சற்று மங்குகிறது. முகம் கழுவியதும் அந்த இறுக்கம் போய்விடுகிறது. காரணம், வேலை செய்வது தோலின் மேல் படிந்து நீரைப் பிடித்து வைக்கும் புரதப் படலம். ஆகவே இதை ஒரு நல்ல மாய்ஸ்சரைசராக மதிக்கலாம். ‘இழந்த கொலாஜனை நிரப்பும்’ என்ற வாக்குறுதிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு முதல் சான்று அளவு. முழுக் கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3,00,000 டால்டன். தோலின் மேலடுக்கைத் தாண்டும் பொருள் பெரும்பாலும் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்று போஸ், மைனார்டி என்ற ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். துண்டாக்கிய மீன் கொலாஜனோ பொதுவாக 2,000 முதல் 5,000 டால்டன் வரை இருக்கிறது. ‘பெப்டைடு கிரீம்கள் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டே’ என்று கேட்கலாம். உண்டு. பால்மிட்டாயில் பெண்டாபெப்டைடை 93 பெண்களிடம் 12 வாரம் சோதித்து, சுருக்கம் குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. ஆனால் அது வெறும் ஐந்து அமினோ அமிலங்களைக் கோத்து, தோலுக்குள் இறங்குவதற்காகக் கொழுப்பு வால் ஒட்டிச் செயற்கையாக உருவாக்கிய மூலக்கூறு. அதன் நற்சான்றிதழை மீன் செதில் கரைசலுக்கு மாற்றி எழுத முடியாது.

சில தயாரிப்புகள் ‘துண்டாக்காத இயற்கைக் கொலாஜன்’ என்று ஒரு படி மேலே போகின்றன. இங்கே ஊரின் வெயில் குறுக்கே நிற்கிறது. குளிர்கடல் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு. அதனால் காட் மீனின் கொலாஜன் 20 டிகிரியை எட்டும் முன்பே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிறது. வெப்பமண்டல மீன்களுடையது இன்னும் தாங்கும் என்றாலும், பக்கத்துத் திருத்தணியில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அதற்கும் உத்தரவாதம் இல்லை. கூரியர் வண்டியில் கிடந்து வரும் புட்டிக்கு ‘இயற்கை நிலை’ என்ற பெருமை நிலைப்பது கடினம்.

கழிவைப் பொருளாக்கும் தொழில் இது, ஆதரிக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செதிலிலிருந்து கொலாஜன் பெப்டைடு எடுக்கும் முறையை உருவாக்கியிருப்பது வரவேற்க வேண்டியதே. ஆனால் மூலப்பொருளின் நன்மை வேறு, முகத்தில் கிடைக்கும் பலன் வேறு. தடவுவதுதானே, தீங்கென்ன என்பாரும் உண்டு. ஜப்பானில் துண்டாக்கிய கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பால் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒவ்வாமை வந்தது. 2011-இல் அந்தச் சோப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வாங்குபவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இந்திய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்கள் அளவின் இறங்குவரிசையில் வர வேண்டும். பதப்படுத்தியான ஃபினாக்சிஎத்தனாலின் உச்சவரம்பு ஒரு சதவீதம். அதற்குப் பின்னால் கொலாஜன் எழுதப்பட்டிருந்தால், உள்ளே இருப்பது ஒரு சதவீதத்தைத் தாண்டாது. சாதாரண மாய்ஸ்சரைசர் விலையில் கிடைத்தால் வாங்கலாம். இளமைக்கென்று ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால் சன்ஸ்கிரீனுக்குப் போகட்டும்: ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், தினமும் அதைப் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது.