குறியீடும் நூலெல்லையும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடிப் பகுதியில், 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம் 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து அங்குப் புகும் மாணவர், கம்பியின் நீட்சியை அதன் தொடக்க நீளத்தால் வகுத்துப் பெறும் அளவைத் 'திரிபு' எனக் கற்றிருப்பர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதனையே 'விகாரம்' என்னும். இவ்விரு சொற்களும் இலக்கண நூல்களிற் பயின்றவையே; ஆங்கு அவை குறிக்கும் பொருளோ வேறு.

தொல்காப்பியப் புணரியலில் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்னும் மூன்றும் திரிபின் வகைகளாம். நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றும் விகாரத்தின் வகைகளாம். முன்னையதிற் பொதுப்பெயராய் நின்ற சொல், பின்னையதில் ஒரு வகையின் பெயராயிற்று. பலா, காய் என்பன 'பலாக்காய்' எனப் புணர்தல் தொல்காப்பிய நெறியில் திரிபு. நன்னூல் நெறியில் அது தோன்றலேயன்றித் திரிதல் அன்று. ஒன்றன் குறியீட்டை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பொருள் கொள்வார் இடர்ப்படுவர். குறியீட்டின் ஆட்சி அதனை நிறுவிய நூலின் எல்லைக்கு உட்பட்டது என்பதே யாம் வலியுறுத்துவது.

இதனை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். மரபியல் கூறும் உத்திகளுள் தான் குறியிடுதல், மொழிவாம் என்றல், கூறிற்று என்றல் என்பன மூன்று. நூன்மரபில் வல்லெழுத்து ஆறும் இவையெனச் சுட்டிப் பெயரிட்ட ஆசிரியர், பின்னர்ப் பலவிடத்தும் அப்பெயரொன்றே கூறிச் செல்கின்றார்.

விளக்கத்திற்கு முன்னரே ஒரு செய்தியைச் சுட்டுதல் குற்றமாகாதோ எனின், ஆகாது. குற்றியலிகரம் புணர்ச்சியிலும் வரும் என மொழிமரபிற் கூறுமிடத்து, அதன் விளக்கம் பின்னர் வரும் என்றும் ஆசிரியர் அறிவிக்கின்றார்; குற்றியலுகரப் புணரியலில் அதனை நிறைவேற்றுகின்றார். அறிவியாது விடுதலே குற்றம்.

இற்றைத் தமிழ் அறிவியல் நூல்கள் சிலவற்றுள் இவ்வொழுங்கு தளர்ந்துளது. ஓர் இயலில் 'தகைவு' என்றும், அடுத்த இயலில் 'தகைப்பு' என்றும், பிறிதோரிடத்து 'அழுத்தம்' என்றும் ஒரு பொருளையே வழங்குவாருளர். செய்யுட்கு அழகாகும் சொற்பன்மை ஈண்டு மயக்கமாகின்றது. இரு சொற்களைக் காணும் மாணவர் இரு பொருள்களைத் தேடுவர். அழுத்தம் என்பதோ இயற்பியலில் வேறொரு பொருளுக்கும் உரிய பெயர்.

எச்சொல் சிறந்தது என்னும் வழக்கு நீளலாம். அது முடியுந்துணையும் நூலெழுதுவார் காத்திருத்தல் வேண்டா. கொண்ட சொல்லை முதற்கண் வரையறுத்து, இறுதிகாறும் பிறழாது ஆளுதல் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் இன்றே இயல்வதாம்.