"மூக்குதான் சரியா வரல" என்று சொல்வதற்கு முன்

பணி ஓய்வுக்குப் பிறகு ஒருவர் தூரிகை எடுத்து மனைவியையோ பேத்தியையோ வரைந்து மாட்டினால், வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது இரண்டில் ஒன்றுதான். "அப்படியே இருக்கே!" அல்லது, சற்றுத் தயங்கி, "மூக்குதான் சரியா வரல." ஆள் அடையாளம் பார்க்க ஆதார் அட்டை இருக்கிறது (அதிலும் யாரும் தங்களைப் போல இருப்பதில்லை). படத்தில் பார்ப்பதற்கு வேறு நிறைய உண்டு.

முகத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 1977-ல் தன் பெற்றோரை வரைந்த ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அம்மா மடியில் கை வைத்து மகனை நேராகப் பார்க்கிறார். அப்பாவோ பக்கவாட்டில் திரும்பி ஒரு புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறார். அவருக்கு அசையாமல் உட்கார வராது. மகன் அதைத் திருத்தப் போகாமல் அப்படியே வரைந்துவிட்டார். மறு வருடம் அப்பா காலமானார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களை நம் வீட்டுக் கூடத்திலும் இப்படித்தானே பார்க்கிறோம்? சாய்வு நாற்காலியில் ஒருவர், கீரை ஆய்ந்தபடி ஒருவர். வீட்டு ஓவியரிடமும் இதைத் தேடுங்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மருந்துச் சீட்டுப் படிக்கும் பழக்கம் படத்தில் வந்திருந்தால், மூக்கின் வளைவு தப்பினாலும் ஆள் வந்துவிட்டார்.

எதிரே உட்காரவைத்து வரைந்ததா, புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததா என்பதையும் ஊகிக்கலாம். பல் தெரியும் சிரிப்பு என்றால் பெரும்பாலும் புகைப்படம். அரை மணி நேரம் எந்த மனைவியும் அப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார மாட்டார். நேரில் உட்கார்ந்த முகத்தில் மெல்ல ஓர் அலுப்பு இறங்கும், வாயோரம் தளரும். எனக்கு அந்த அலுப்புதான் பிடிக்கும். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், பதவிக்குப் பின் ஓவியம் கற்று, 2014-ல் டல்லாஸில் உலகத் தலைவர்களின் முகங்களைக் காட்சிக்கு வைத்தார். அவர்களோடு நேரில் பழகியவர், இணையத்தில் எளிதில் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறாரே என்று விமர்சகர்கள் அங்கலாய்த்தார்கள். நியாயமான குறைதான்.

நிறத்துக்கு வருவோம். தோல் நிறம் என்று டியூபில் விற்கும் இளஞ்சிவப்பு நம் ஊர் முகம் எதற்கும் பொருந்தாது. புதிதாகப் பழகுகிறவர் முதலில் அதைத்தான் அப்புவார். பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஆக்கர், நிழலில் ஒரு துளி நீலம் என்று கலக்கத் தொடங்கிவிட்டால், அவர் எதிரில் இருக்கும் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். நெற்றியும் அப்படித்தான். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நட்டநடுவில் கண் வர வேண்டும்; பழகாத கை அதை மேலே ஏற்றி நெற்றியைக் குறுக்கிவிடும். ஒருவருடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால் அவர் கற்ற தூரம் நெற்றியிலேயே தெரியும்.

வயதை எப்படிக் காட்டியிருக்கிறார் என்பது கடைசிப் பரீட்சை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-ல் கரிக்கோலால் தன் அறுபத்து மூன்று வயது அம்மாவை வரைந்தபோது, துருத்திய கழுத்து நரம்பையும் ஒட்டிய கன்னத்தையும் மறைக்கவில்லை. இரண்டே மாதத்தில் அம்மா இறந்தார். நம் வீட்டு ஓவியர்கள் பாசத்தில் மனைவிக்கு இருபது வயதைக் குறைத்துவிடுகிறார்கள். அந்தப் பாசத்தை ரசிக்கலாம். படமாக எனக்கு அது ஒரு படி கீழேதான்.

அடுத்த முறை அப்படியொரு படத்தைப் பார்த்தால், வரைந்தவரைக் கேட்பதோடு நிறுத்தாமல் உட்கார்ந்தவரையும் கேளுங்கள்: எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று. பிறகு படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். நீர்வண்ணப் படமாக இருந்தால் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்; நிறம் வெளுத்துவிடும்.