ஒற்றுப்பிழை மட்டும் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு இலவசத் திருப்புதல் கையேடு தயாரித்து இணையத்தில் ஏற்றியிருக்கும் ஆசிரியர் ஒருவர், "நீங்கள் தமிழ்த்துறை மேடம், ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். பார்த்தேன். பதினேழு இருந்தன. அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறாள். அண்ணனை டியூஷனுக்கு அனுப்பிய வீட்டில், இருட்டிவிடும் என்று இவளை அனுப்பவில்லை. அவனுடைய போன் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் இவள் கைக்கு வரும். அந்தப் பழைய போனிலும் இந்தக் கையேடு திறக்கிறது. வருவித்தல்களில் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் மட்டுமே 25. அவற்றை அவள் தனியாக உட்கார்ந்து படிக்க முடிகிறது. சின்ன விஷயமில்லை. பள்ளி விட்டபின் அவளுக்கு இருக்கும் ஒரே ஆசிரியர் இந்தக் கையேடுதான். அதனால்தான் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்குகளில் வருகிறவர்களைப் பார்த்தேன். 'ஒருவன்' தொலைநோக்கியில் பார்க்கிறான். 'மாணவன்' மீட்டர் சமனச்சுற்றில் மின்தடை காண்கிறான். ஒரே ஒரு பெண் வருகிறாள், 750 வாட் இஸ்திரிப் பெட்டியோடு. இருபாலுக்கும் பொதுவாக 'ஒருவர்' என்று சொல்ல வழியுள்ள மொழி இது. ஆனால் 'ஒருவன்' இலக்கணப் பிழையில்லையே, என் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

அணுக்கருப் பிளவில்தான் கோபம் வந்தது. ஓட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்று இரண்டு பெயர்கள். அடுத்த வரியில், ஒரு பிளவில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று நட்சத்திரக் குறியோடு இருக்கிறது. அந்த 200 யார் போட்ட கணக்கு? லிசே மைட்னர், யூதக் குடும்பத்தில் பிறந்ததால் 1938 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடன் போனவர். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் வருகிறது, ஏனென்று விளங்கவில்லை என்று அந்த டிசம்பரில் ஹான் அவருக்குத்தான் எழுதினார். சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்துபோனவர், ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து காகிதத் துண்டில் கணக்குப் போட்டார். இழப்பாகும் நிறை புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு. அதை ஆற்றலாக்கினால் 200. வேதியியலுக்கான 1944 நோபல் ஹானுக்கு மட்டும் போயிற்று.

இதைச் சேர்ப்பது நியாயத்துக்காக மட்டுமில்லை. அணு நிறை அலகு ஒன்றுக்கு 931 என்பது அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்தால் வகுத்தால் 200-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எதிர்வீட்டுப் பெண் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஆசிரியர் உடனே பதில் எழுதினார்: "ஒற்றெல்லாம் திருத்திவிட்டேன், மிக்க நன்றி. மைட்னர் தேர்வுக்கு வரமாட்டார் மேடம்." அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, காசு வாங்காமல் ராத்திரி விழித்துச் செய்கிற மனிதர். திரும்பவும் எழுதியிருக்கிறேன்: நான்கு வரி போதும், அந்தப் பக்கத்தின் அடியில் இடமிருக்கிறது.