குதிரை நூலும் குருட்டு நம்பிக்கையும்

சோதிடனைக் கண்டால் நகைக்கிறோம். பல்லி சொன்ன பலனைப் பரிகசிக்கிறோம். இராகு காலம் கழியட்டும் என்று வாசற்படியில் காத்து நிற்பவனை நோக்கி, "கடிகாரத்தின் முள்ளுக்கும் உன் காரியத்தின் முடிவுக்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்கிறோம். நன்று, கேட்கத்தான் வேண்டும். ஆனால், பஞ்சாங்கத்தைப் பரணிலே வீசிய அதே கை, பந்தயப் புத்தகத்தைப் பக்குவமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஏழாம் எண் எனக்கு ராசியான எண்; ஏழின்மேல் ஐம்பது ரூபாய்" என்று சீட்டு வாங்குமானால், அந்தக் கையைப் பகுத்தறிவின் கை என்று போற்றுவதா, பழைய மடமை புதிய சட்டைக்குள் நுழைத்துக்கொண்ட கை என்று தூற்றுவதா?

குதிரைப் பந்தயம் குடும்பத்தைக் கெடுக்கும் என்பது அனைவரும் அறிந்த செய்தி. அதை இங்கே மீண்டும் ஓதப் போவதில்லை. பொழுதுபோக்காகப் பந்தயம் கட்டுவோர் 'வெல்லும் குதிரை இதுதான்' என்று தெரிந்தெடுக்கிறார்களே, அந்தத் தேர்வுக் கலையைத் திறனாய்வுத் தட்டிலே நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

"நாஞ்சில் நாட்டானுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கலாம். நம் மாவட்டத்திலே வயல் உண்டு, வாழை உண்டு, தென்னை உண்டு. பந்தயத் திடல் இல்லை. எனினும், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பிழைப்புக்காகச் சென்னை சென்ற நம் இளைஞர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பலகாரப் பொட்டலத்தோடு கிண்டிக் கதைகளையும் கொண்டுவந்தார்கள். வெளியூர் போகாத நம்மவரோ, மேற்கே களியக்காவிளை எல்லையைக் கடந்து கேரளத்துப் பரிசுச்சீட்டை வாங்கிப் பையிலே பத்திரப்படுத்துகிறார்கள். முன்னவர் குதிரையின் எண்ணைத் தேடுகிறார். பின்னவர் சீட்டின் எண்ணைத் தேடுகிறார். ஊர் வேறு, உள்ளம் ஒன்று.

கிண்டியிலே வெள்ளையர் காலத்தில் வேரூன்றிய ஆட்டம் இது. 1896-இல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. 1974-இல் கலைஞர் ஆட்சியிலே, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், "குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம், வெறும் தற்செயலைச் சார்ந்த சூதாட்டம் அன்று" என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. பின்னர் வாடகை நிலுவை குறித்த பூசல் முற்றி, 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் கிண்டி நிலத்திற்கு 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு முத்திரை வைத்தது. நிலத்திற்கு முத்திரை வைக்கலாம். நெஞ்சில் உள்ள நப்பாசைக்கு எந்த வட்டாட்சியர் முத்திரை வைப்பார்? பெங்களூரு உண்டு, மைசூரு உண்டு, மும்பை உண்டு, புனே உண்டு, ஐதராபாத் உண்டு.

'திறமை' என்ற அந்தச் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். குதிரையை வளர்ப்பவனிடம் திறமை உண்டு. பழக்குபவனிடம் உண்டு. ஏறிச் செலுத்தும் ஜாக்கியிடம் உண்டு. ஓடும் குதிரையிடமும் உண்டு. வேலிக்கு வெளியே நின்று சீட்டு வாங்குகிறானே, அவனிடம் இருப்பது யாது?

அவன் கையாளும் முறைகளை வரிசையாகப் பாரீர்! ஒருவன் பெயரைப் பார்க்கிறான். மகளின் பெயரோடு குதிரையின் பெயர் சற்றே ஒத்திருந்தால் போதும், மறு சிந்தனை இல்லை. ஒருவன் எண்ணைப் பார்க்கிறான். பிறந்த தேதி, பேருந்துச் சீட்டின் கடைசி இலக்கம், கனவிலே கண்ட வீட்டுக் கதவு எண், எல்லாம் அவனுக்குச் சான்று. ஒருவன் ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பார்க்கிறான். ஒருவன் பந்தயத்திற்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தருகே நின்று, மினுமினுக்கும் மேனியையும் நிமிர்ந்த கழுத்தையும் கண்டு மயங்குகிறான். பெண் பார்க்கப் போனவன் பட்டுப் புடவையைப் பார்த்துத் திரும்பிய கதைதான்! ஒருவன் புகழ்பெற்ற ஜாக்கி ஏறும் குதிரையை நம்புகிறான். மற்றொருவன் கூட்டம் எதன்மேல் பணம் கட்டுகிறதோ அதன்மேல் கட்டுகிறான்; அதற்கு 'ஃபேவரிட்' என்று பெயர். எல்லாருக்கும் மேலாக, காதோடு காதாக வரும் 'டிப்ஸ்' ஒன்றை மந்திரம்போல் மனத்தில் இருத்தியவன், யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நிற்கிறான்.

பெயரையும் எண்ணையும் நம்புபவனோடு வாதிட வேண்டியதில்லை. அவன் சோதிடனின் நேர் வாரிசு. வாதிட வேண்டியது, "நான் மூடநம்பிக்கைக்காரன் அல்லன்; ஆராய்ந்து கட்டுகிறேன்" என்று மார்தட்டும் படித்த இளைஞனோடுதான். சென்ற ஐந்து ஓட்டங்களில் குதிரை எத்தனையாவதாக வந்தது, எத்தனை கிலோ சுமந்தது, ஈரத் தரையில் எப்படி ஓடிற்று, இத்தனையையும் அவன் மனப்பாடமாக ஒப்பிப்பான். தேர்வுக்கு இப்படிப் படித்திருந்தால் முதல் வகுப்பிலே தேறியிருப்பான்! அவன் மறந்துவிட்ட செய்திகள் மூன்று.

முதலாவது, எடை. 'ஹேண்டிகேப்' எனப்படும் பந்தயங்களில், திறமை மிகுந்த குதிரையின்மேல் மிகுந்த எடையை ஏற்றுகிறார்கள். குறைந்த குதிரைக்குக் குறைந்த எடை. நோக்கம் என்ன? எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பதே! எது வெல்லும் என்று எவரும் எளிதில் சொல்ல முடியாதபடி, குதிரைகளை நன்கறிந்த ஒரு வல்லுநர் முன்கூட்டியே உட்கார்ந்து எடையைக் கணக்கிடுகிறார். அவர் கட்டிய முடிச்சை, ஐந்து நிமிடம் புத்தகம் புரட்டி அவிழ்த்துவிடலாம் என்று நம் தோழன் நினைக்கிறான்.

இரண்டாவது, போட்டி யாரோடு என்பது. குதிரையோடு குதிரை போட்டியிடுகிறது. பந்தயம் கட்டுபவனோ, பந்தயம் கட்டும் பிறரோடு போட்டியிடுகிறான். 'டோட்' என்ற முறையிலே எல்லாருடைய பணமும் ஒரு பொதுத் தொகையாகச் சேர்கிறது; அதிலே ஒரு பங்கு கழிக்கப்பட்டு, எஞ்சியதே வென்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்ந்தது; கழிவு 20,000 என்று வைத்துக்கொள்வோம்; எஞ்சியது 80,000. கூட்டம் நம்பிய குதிரையின்மேல் 32,000 கட்டப்பட்டிருந்தால், அது வென்றபோது ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் கிடைக்கும். பல நாடுகளின் பந்தயக் கணக்கிலே, கூட்டம் நம்பும் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தை வெல்கிறது. ஆகவே, 30 பந்தயங்களில் நூறு நூறாக 3,000 ரூபாய் கட்டியவன் 10 முறை வென்று பெறுவது 2,500 ரூபாய். பத்து முறை வென்றான். பத்து முறை ஊர் கேட்க ஆர்ப்பரித்தான். முடிவிலே ஐந்நூறு ரூபாய்க்குக் கடனாளியானான்! குதிரை நல்லது என்பதை நீ மட்டும் அறிந்தால் பயன் உண்டு. நீ அறிந்ததை ஊரும் அறிந்திருந்தால், உன் அறிவின் விலை முன்னமே சீட்டில் சேர்ந்துவிட்டது.

இதன்மேல் வரி வேறு. 2023 அக்டோபர் 1 முதல் பந்தயம் கட்டும் பணத்தின் முழு மதிப்பின்மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. இத்தனை மேட்டையும் ஏறிக் கடந்தால்தான் இலாபம் என்ற சமவெளி.

மூன்றாவது, மனித மனம். 1973-இல் பால் சுலோவிக் என்ற அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வு நடத்தினார். பந்தயக் கணிப்பிலே தேர்ந்த எட்டுப் பேருக்குக் குதிரைகளைப் பற்றிய குறிப்புகளை முதலில் ஐந்து, பிறகு பத்து, இருபது, நாற்பது என்று கொடுத்து, வெல்லும் குதிரையைச் சொல்லச் சொன்னார். ஐந்து குறிப்பிலே எவ்வளவு சரியாகச் சொன்னார்களோ, நாற்பதிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஏறியது எது? தம் கணிப்பின்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை! புத்தகம் பருத்தது, புத்தி அப்படியே இருந்தது, செருக்கு மட்டும் செழித்தது.

1968-இல் நாக்ஸ், இங்ஸ்டர் என்ற இருவர் கனடாவின் வான்கூவர் நகரப் பந்தயத் திடலிலே செய்த ஆய்வு இன்னும் சுவையானது. சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்களிடம், "உங்கள் குதிரை வெல்லும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்று கேட்டனர். சீட்டு வாங்கி முடித்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டனர். வாங்குமுன் ஐயுற்றவர்களைவிட, வாங்கியவர்கள் உறுதி மிகுந்திருந்தனர். இடையே குதிரைக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை. மாறியது மனிதன்தான். காரணம் கண்டு பணம் கட்டுகிறோம் என்று எண்ணுகிறோம். பணம் கட்டியபின் காரணம் தேடுகிறோம் என்பதே உண்மை. நேர்த்திக்கடன் செலுத்திய பக்தனுக்கு நம்பிக்கை பெருகுவதும் இவ்வாறே அல்லவா!

நம் இலக்கியத்திலேயே இதற்கு ஓர் உரைகல் உண்டு. நளன் கதையை எண்ணிப் பாருங்கள். புராணம் என்று தள்ளவேண்டியதைத் தள்ளிவிட்டு, கதையின் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குதிரையின் உள்ளத்தை அறிவதில் நளனுக்கு நிகர் எவருமில்லை என்கிறது கதை. அந்தக் குதிரை வித்தகன்தான் சூதிலே நாட்டை இழந்து காட்டுக்குப் போனான். இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருந்தபோது, மரத்தின் இலையையும் காயையும் பார்த்த அளவில் கணக்கிடும் எண் கலையை அவனிடம் கற்று, தன் குதிரை வித்தையை ஈடாகக் கொடுத்தான். அந்த எண் கலையைக் கொண்டே, இழந்த நாட்டை மீட்டான். குதிரை அறிவு வேறு, சூதின் கணக்கு வேறு என்பதைக் கதை கட்டியவனே உணர்ந்திருந்தான். கல்லூரிப் பட்டம் பெற்ற நம் தோழன் உணரவில்லை! வள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்து, தோல்வியை மட்டுமன்று, வெற்றியையும் தூண்டில் என்றே எச்சரித்தார். தோற்றவன் திருந்திவிடக் கூடும். முதல் நாளே வென்றவன் திரும்புவது அரிது.

இனி, 'டிப்ஸ்' கொடுக்கும் பெருமான். எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்தில் எட்டுப் பேருக்கு எட்டுக் குதிரையைச் சொன்னால், ஒருவனுக்குப் பலித்தே தீரும். தோற்ற எழுவர் வெட்கத்தால் வாய் திறவார். வென்ற ஒருவன் ஊரெங்கும் முரசறைவான். கருவுற்ற பெண்ணிடம் "ஆண் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஏட்டிலே "பெண் பிள்ளை" என்று எழுதி வைத்த சோதிடனின் தந்திரமும் இதுவே. தவறவே முடியாதபடி பேசுகிறவன் எதையும் சொல்லவில்லை என்பது நம் முதல் பாடம். சோதிடனிடம் இந்தப் பாடத்தைப் பயன்படுத்தும் நாம், பந்தயத் தரகனிடம் மறந்துவிடுவது ஏன்? அவன் நெற்றியிலே திருநீறு இல்லை என்பதாலா?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் ஒளிக்காமல் சொல்லியாகவேண்டும். 1968-இல் அண்ணாவின் ஆட்சிக் காலத்திலே தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. நாட்டு நலனுக்கு நிதி என்பது அன்று கூறப்பட்ட காரணம். நோக்கம் நல்லதாகலாம், ஆனால் ஏழையின் நப்பாசையிலிருந்து எடுத்த நிதி, ஏழையிடமிருந்து எடுத்த வரியே. குதிரையின்மேல் கட்டினால் கேடு, காகிதத்தின்மேல் கட்டினால் தொண்டு என்று நாம் வாதிட இயலாது. 2003-இல் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967-இல் தொடங்கிய அரசுப் பரிசுச்சீட்டு இன்றும் நடக்கிறது. ஆகவேதான் களியக்காவிளைக்கு அப்பால் நம் கூலித் தொழிலாளியின் கால் நடக்கிறது. கட்டிலிருந்து தானே உருவி எடுத்த சீட்டு என்றால் அவனுக்குத் தனி நம்பிக்கை. தன் கை பட்டதால் எண்ணுக்கு வலிமை வந்துவிட்டதாம்! சட்டம் கடையைத்தான் மூடும். கணக்கு அறிந்த மூளை ஒன்றே இந்தப் பயணத்தை நிறுத்தும்.

ஆகவே, இளைஞர்களே, "பந்தயம் பாவம்" என்று உபதேசம் செய்யவேண்டாம். பாவ புண்ணியக் கணக்கு நமக்கு உரியதன்று. பந்தயப் பித்துக் கொண்ட நண்பனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். பணம் கட்டாமல், ஒவ்வொரு பந்தயத்திற்கும் முன்பே தன் குதிரையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஐம்பது பந்தயம் முடியட்டும். வெற்றியை மட்டுமல்லாமல் தோல்வியையும், கழிவையும் வரியையும் சேர்த்துக் கூட்டட்டும். முடிவுக்கு முன் எழுதியதைத் திருத்தவும் முடியாது, மறக்கவும் முடியாது. சோதிடன் அஞ்சுவது இந்த ஏட்டுக்குத்தான். தரகன் அஞ்சுவதும் இதற்குத்தான்.

சாமியாரைக் கேலி செய்வது எளிது. அவர் நம் எதிரே நிற்கிறார். நம் உள்ளே உட்கார்ந்துகொண்டு, புள்ளிவிவரத்தின் மொழியிலே குறி சொல்லும் கோடாங்கியை அடையாளம் காண்பதே கடினம். "நான் நம்புவது பொய்யானால், அதை எப்படி அறிவேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் துணிந்தவனே பகுத்தறிவாளன். அந்தக் கேள்வியை எழுப்பாதவன் கையில் பஞ்சாங்கம் இருந்தால் என்ன, பந்தயப் புத்தகம் இருந்தால் என்ன?