அன்றிரவே எழுதியது

பயணக் கட்டுரையில் எந்தப் பத்தி அன்றிரவே எழுதப்பட்டது, எது வீடு திரும்பி ஆறுதலாக எழுதப்பட்டது என்பதை வாசிக்கும்போதே ஓரளவு பிடித்துவிடலாம். அன்றிரவு எழுதியதில் வண்டிக்கூலி எவ்வளவு, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி என்பதெல்லாம் அப்படியே கிடக்கும். அவற்றால் என்ன பயன் என்று எழுதியவருக்கே அப்போது தெரிந்திராது. ஆறுதலாக எழுதியதிலோ எதுவும் சும்மா இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு கருத்தைச் சுமந்துகொண்டு வரும். என் மனம் எப்போதும் முதலாவதன் பக்கம்தான்.

அந்த எழுத்தின் அருமையை எனக்குக் காட்டியவர் ஏனுகுல வீராசாமய்யா. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாசியாக இருந்தவர். 1830 மே மாதம் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 15 மாதங்களுக்குப் பிறகு திரும்பினார். தங்கிய இடங்களில் தெலுங்கில் நாட்குறிப்பு எழுதி, சென்னையில் இருந்த நண்பர் கோமலேசுவரபுரம் ஸ்ரீநிவாச பிள்ளைக்கு அவ்வப்போது அனுப்பிக்கொண்டே போனார். பாதை எப்படி, ஆற்றைக் கடக்க என்ன வழி, எந்த ஊரில் சாமான்கள் அகப்படும் என்று பின்னால் வரப்போகிறவனை நினைத்து எழுதிய வரிகள். 1836இல் அவர் காலமானார். 1838இல் அது நூலாக வந்தது. இவ்வளவு காலம் கழித்தும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம், அந்தப் பக்கத்தில் ஒருவர் வாசிக்கக் காத்திருக்கிறார் என்பதுதான். ஊருக்கெல்லாம் எழுதுகிறவர் குரலை உயர்த்திவிடுவார். சிநேகிதனுக்கு எழுதுகிறவருக்கு அது தேவைப்படாது.

ஆனால், ஒருவர் காத்திருக்கிறார் என்பதே தொல்லையும்கூட. இதைச் சொன்னால் ரசிப்பார், இது அவருக்குப் புதிது என்று கண் தேட ஆரம்பித்துவிடும். காட்சி முடியுமுன்பே வாக்கியம் வந்துவிடும்.

ஏறாவூர்ப் பக்கத்து மட்டக்களப்பு வாவியில் ஒரு மாலை தோணியில் இருந்தேன். தோணிக்காரர் வீச்சுவலையின் ஒரு பாதியை முழங்கையில் போட்டு, மறுபாதியின் விளிம்பைக் கையில் அள்ளி, இடுப்பைத் திருப்பி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. ஈயமணிகள் தண்ணீரில் பட்ட சத்தம் ஒரேயடியாகக் கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை ஓடியது. அதைக் கொப்பியில் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது வலை இழுபட்டு, மீன் கழற்றப்பட்டு, அடுத்த வீச்சுக்கு அவர் தயாராக நின்றார். என்ன மீன் பட்டதென்று எனக்குத் தெரியாது. எழுதியிருக்காவிட்டால் அந்தச் சத்தமும் என்னிடம் மிஞ்சியிராது என்று சில நாள் மனம் ஆறும். அந்த மனிதரோடு நாலு வார்த்தை பேசியிருக்கலாமே என்று வேறு சில நாள் அடித்துக்கொள்ளும்.

இதே வாவியைக் கேட்டு எழுதியவர்களில் எமர்சன் டெனன்ட்டை மிஞ்ச ஆளில்லை என்பேன். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தபோது, 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, நிலவு வெளிச்சத்தில் படகில் போய்ப் பாடும் மீனின் ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் அதை விவரிக்கிறார். அழகு, அற்புதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாதது அவருடைய பெரிய கெட்டித்தனம். படகை நகர்த்தினால் ஒலி மறைந்தது, பழைய இடத்துக்கு வந்தால் திரும்பக் கேட்டது, படகின் மரத்தில் காதை வைத்தால் கூடுதலாகக் கேட்டது என்று செய்ததை வரிசையாகச் சொல்கிறார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற நத்தைதான் என்று மீனவர்கள் சொன்னதையும் தள்ளிவிடாமல் பதிந்திருக்கிறார். நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நாமும் கேட்டுப் பார்க்கலாம்.

குறிப்பே இல்லாமல் எழுதியவர்களும் இருக்கிறார்கள். 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, பின்னர் மலபார்க் கரையோரம் கொள்ளையரிடம் சகலத்தையும் பறிகொடுத்தார். அரசர் கொடுத்த மணிகளும் போயின. புகாராவில் எழுதிவைத்த குறிப்புகளும் அப்படிக் கடலில் தொலைந்தவைதான். நாடு திரும்பி, நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதினார். எங்கள் திருகோணமலை வீதியில் வடக்கே போனால் வரும் கொட்டியாரத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிக் கப்பலேறிய பிறகே எழுத உட்கார்ந்தார். ஏறத்தாழ இருபது வருடம் மனதில் கிடந்து தேறியவை அவை. நொக்ஸ் விவரித்த உழவும் சோறும் எந்தக் கொப்பியிலும் இருந்து வந்தவையல்ல.

ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் வடக்கே நடந்த பயணத்தைப் பல ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி எழுதினார். கூடவே நடந்த சீடர் சோராவும் நாட்குறிப்பு வைத்திருந்தார். அது 1943இல் அச்சில் வந்தபோதுதான், பாஷோ பல இடங்களில் நடந்ததை மாற்றி எழுதியிருப்பது தெரிந்தது. காவியம் பாஷோவினுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தேதியும் மழையும் தங்குமிடமும் மட்டும் எழுதிய அந்தச் சீடரிடம் எனக்குத் தனிப் பிரியம்.

எங்கள் பக்கத்தில் எழுதப்படாமல் போன பயணங்கள்தான் அதிகம். 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் நடந்த படுகொலைக்குப் பிந்திய யுத்த ஆண்டுகளில் அங்கிருந்து வாழைச்சேனைக்குப் போவதே பெரும் பயணமாக இருந்தது. ஊர்ப் பெயரும் பாலமும் தூரமும் எழுதிய கொப்பியோடு சோதனைச் சாவடியில் இறங்கி நிற்க யாருக்குத் துணிவு வரும்? அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். அந்த வீதி அன்று எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்.

பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றினார், 1940இல் காந்தியைப் பற்றிப் படம் எடுத்தார், அத்தனை நூல்களிலும் தன்னைப் பின்னுக்கு நிறுத்தியே எழுதினார். இவற்றோடு, அவருக்கு முன்னே தமிழில் பயணம் எழுதியவர்களின் கட்டுரைகளைத் தேடித் தொகுத்ததற்காகவும் அவரை நான் கொண்டாடுகிறேன். அப்படித் தேட இங்கேயும் இருக்கிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள், கசட்டில் பேசி அனுப்பினார்கள். என்ன சமைத்தேன், எந்த வீட்டில் நிற்கிறேன், அங்கே எப்போது நோன்பு திறக்கிறார்கள் என்று அன்றன்று சொன்னவை. உம்மாக்களின் அலுமாரியில் அவை இன்னும் கிடக்கும். கசட் நாடா பூஞ்சணம் பிடித்துப் போகுமுன் யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் அச்சிட வேண்டும்.