படர்க்கையில் ஒட்டும் பால்

எம்.ஏ. வகுப்பில் நன்னூல் நடந்தபோது 'பேடு' பற்றிய சூத்திரம் வந்ததும் ஆசிரியர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நாங்களும் சிரித்தோம். பரீட்சைக்கு வராது என்று வேறு சொல்லிவிட்டார். ரேவதியின் 'வெள்ளை மொழி'யை (2011) வாசித்து முடித்தபின் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

பவணந்தி சொல்வது லேசுப்பட்ட விஷயமல்ல. பெண்மையைத் துறந்து ஆணாக விரும்புகிறவரை ஆண்பாலிலும், ஆண்மையைத் துறந்து பெண்ணாக விரும்புகிறவரைப் பெண்பாலிலும் வைக்கிறார். பாலைத் தீர்மானிப்பது அங்கே உறுப்பு அல்ல, அவா. அவருக்கும் முன்பே தொல்காப்பியம், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் ஈறு ஆகாது என்கிறது. அவரவர் பாலை அவரவரே சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல். உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கிளம்பிவிட வேண்டாம். அதே நன்னூல் சூத்திரம் முடியும்போது இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று கதவைத் திறந்து வைக்கிறது. 'அது வருது பாரு' என்று பஸ் ஸ்டாண்டில் கேட்கும் குரலுக்கு இலக்கணச் சம்மதம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. 2019ஆம் வருடச் சட்டமும் ஆண் அல்லது பெண் என்று மாற்றிச் சான்றிதழ் பெற அறுவை சிகிச்சைக்கு அத்தாட்சி கேட்டது. அவாவைத் தள்ளிவிட்டு மறுபடியும் உறுப்பு.

தமிழில் தன்மைக்குப் பால் கிடையாது. வந்தேன், அழுதேன், ஓடிப்போனேன்: சொன்னது ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டிக்கொடுக்காது. படர்க்கை ஒருமையில்தான் பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது அடுத்தவர் வாயில். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) கரிசனத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் சுயம்பு அங்கே படர்க்கை. லிவிங் ஸ்மைல் வித்யா தன் புத்தகத்துக்கு (2007) 'நான், வித்யா' என்று பெயர் வைத்தபோது கதையாடலின் இடமே மாறிப்போனது.

'வெள்ளை மொழி'யில் ஒரு இடம். பள்ளிக்கூடத்துப் பையனாக அறியப்பட்ட ரேவதி மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டுகிறார். ஊர் வேஷத்தை மெச்சுகிறது. அவருக்கோ அது வேஷமே இல்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு ஆண் உடுப்புக்குள் திரும்பும்போதுதான் வேஷம் போட்ட மாதிரி இருக்கிறது. தன்னை அறிந்துகொள்வது ஏதோ ஞானோதயம் மாதிரி நடக்கவில்லை, கவனியுங்கள். ஊர் கைதட்டிக்கொண்டிருக்கிறது, என்ன பார்த்தோம் என்று ஊருக்குத் தெரியவில்லை. அந்த அறிதலுக்குக் கால் ஊன்ற இடம் கிடைப்பது பிறகு, தன்னைப் போன்றவர்களைக் கண்டு, அவர்களிடையே மகளாக ஏற்கப்படும்போது.

நம்மாட்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) திருநங்கை உடலை 'இருமை எதிர்வைக் கட்டுடைக்கும் பிரதி' என்று வாசிப்பதில் ஓர் உற்சாகம் உண்டு. ரேவதி எதையும் கட்டுடைக்கக் கிளம்பவில்லை. புடவை வேண்டும், 'அவள்' என்ற சொல் வேண்டும் என்கிறார். கோட்பாட்டு வசதியில் நாம் அலுத்துப்போய்த் தூக்கியெறியத் துடிக்கும் அந்த மூன்றெழுத்து, அவர் வீட்டில் அடிவாங்கிப் பெற்றது.

இந்தக் கட்டுரை முழுக்க ரேவதியை நான் 'அவர்' என்றே எழுதி வந்திருக்கிறேன். மரியாதைதான். பால் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளவும் அந்த 'ர்' வசதியாக இருந்தது.