திவேகர்: ஒரு பெயரும் அதன் ஊரும்

ஒருவர் பெயரைக் கேட்ட அளவிலேயே அவர்தம் குலத்தையும் சமயத்தையும் முடிவுகட்டிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது எத்துணைப் பிழைபட்டதென்பதை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தார் எளிதில் உணர்வர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப் பகுதி இது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவர். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னிடுவர். அது பல வேளைகளில் ஊர்ப்பெயராகவே இருக்கும். கன்னட நாட்டாரிற் பலர் ஊரையும் தந்தையையும் சேர்த்தே எழுதுவர். ஹரதனஹள்ளி தொட்டேகௌட தேவேகௌட என்பதில் ஊரும் தந்தை பெயரும் தம் பெயரும் வரிசையாக நிற்கக் காணலாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. பல மாநிலத்தாரும் வந்து குடியேறினர். இன்று வேலைக்கு விண்ணப்பிப்பவர், ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தில் ஒருவர் தந்தையை எழுதுகிறார். ஒருவர் ஊரை எழுதுகிறார். மற்றொருவர் சாதியை எழுதுகிறார். படிப்பவரோ மூன்றையும் குலப்பெயரென்றே கொள்கிறார்.

இம்மயக்கத்தைத் தெளிவிக்க ஒரு யூதக் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘திவேகர்’ என்பது அப்பெயர். கிருஷ்ணகிரியும் ஓசூரும் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த காலத்து மைசூர்ப் போரோடு அதற்குத் தொடர்புண்டு என்பதால், இம்மண்ணுக்கும் அது முற்றிலும் அயலானதன்று.

யூதப் பெயரென்றதும் எபிரேயச் சொல்லைத் தேடுவோர் இங்கு ஏமாறுவர். திவே என்பது மராட்டியக் கொங்கணக் கரையிலுள்ள ஓர் ஊர். ‘கர்’ என்பது மராத்தியில் ‘ஊரார்’ எனப் பொருள்படும் விகுதி. எனவே திவேகர் என்றால் திவே ஊரார், அவ்வளவே. பெண் ஊரார் பெண்கர் ஆயினர். ரோஹா ஊரார் ரோஹேகர் ஆயினர். கிஹிம் ஊரார் கெஹிம்கர் ஆயினர். இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. புகாரா நகரத்தார் புகாரீ என்றும் திர்மித் நகரத்தார் திர்மிதீ என்றும் அறியப்பட்டதை ஹதீஸ் கலை பயின்றோர் அறிவர். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட சூஃபிக் கவிஞரைத் தமிழுலகம் குணங்குடியார் என்றே போற்றுகிறது. ஊரே பெயராவது உயர்ந்த மரபு.

இப்பெயர்களைத் தாங்கியோர் ‘பெனே இஸ்ரேல்’ எனப்படும் யூதர். கப்பல் உடைந்து கொங்கணக் கரையிலுள்ள நவ்காவில் ஒதுங்கியவர் வழிவந்தோம் என்பது அவர்தம் மரபுரை. எண்ணெய் ஆட்டுதல் அவர்கள் தொழில். சனிக்கிழமை செக்கை நிறுத்தியமையால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அண்டையார் அழைத்தனர். அவர்களைப் பிரித்துக் காட்டியது அந்த ஓய்வுநாளே, குடும்பப் பெயரன்று. ஏனெனில் ‘கர்’ விகுதிப் பெயர்கள் மராட்டிய இந்துக்களிடையேயும் பெருவழக்காக உள்ளன. திவேகர் என்னும் பெயருடைய இந்துக்களும் உளர். இப்பெயரை மட்டும் கொண்டு ஒருவர் யூதரா என்று சொல்ல இயலாது.

இப்பெயருடையோருள் வரலாற்றில் இடம்பெற்றவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர். மராத்தி வழக்கில் அவர் சமாஜி ஹசாஜி திவேகர். உமர் என்பது நம் நாவில் ‘உமறு’ ஆனதுபோல, சாமுவேல் சமாஜியாகவும் எசக்கியேல் ஹசாஜியாகவும் கொங்கணத்தில் உருப்பெற்றன. தம் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பெயர் என்னும் மூன்றும் தேவேகௌடர் பெயரில் போலவே இதிலும் உள்ளன. வரிசை மட்டுமே மாறியுள்ளது.

கும்பினிப் படையில் அதிகாரியாயிருந்த அவர், 1780 முதல் 1784 வரை நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் சிறைப்பட்டார். சிறைப்பட்டோரை விசாரித்தபோது, தாம் ‘பனூ இஸ்ராயீல்’ என்று அவர் விடையிறுத்தாராம். திருக்குர்ஆனில் பேசப்படும் அம்மக்களைத் தாம் கண்டதேயில்லை என்று வியந்த திப்புவின் அன்னை, அவர் உயிருக்காகப் பரிந்து பேசினாராம். விடுதலை பெற்று மீண்ட சாமுவேல், 1796-இல் பம்பாயில் ‘அருளின் வாயில்’ என்னும் தொழுகைக் கூடத்தை எழுப்பினார். அது நின்ற தெரு அவர் பெயரால் சாமுவேல் தெரு ஆயிற்று. அவர் சமூகத்தாரோ அக்கூடத்தை ‘ஜூனி மஸ்ஜித்’, பழைய பள்ளிவாசல், என்றே வழங்கினர். அருகிலுள்ள மஸ்ஜித் ரயில் நிலையத்துக்கும் அப்பெயர் இதனால் வந்ததென்பர்.

இக்கதையை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? பெனே இஸ்ரேலரின் வரலாற்றை விரிவாக எழுதிய கெஹிம்கரின் நூல் 1897-இல் முடிந்து 1937-இல்தான் அச்சேறியது. நிகழ்ச்சிக்கும் அந்நூலுக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட வாய்மொழி நிற்கிறது. ஆகவே அன்னையின் பரிந்துரையை உறுதிப்பட்ட வரலாறென ஏற்பது திறனாய்வாகாது. திப்புவின் பெருமைக்குச் சான்றென முழங்குவோரும், வெறும் கட்டுக்கதையென ஒதுக்குவோரும் அதன் உட்பொருளைத் தவறவிடுகின்றனர். விசாரணையில் அவர் திவேகர் என்று மட்டும் சொல்லியிருப்பின் கொங்கணத்தார் ஒருவர் என்றே கொண்டிருப்பர். சாமுவேல் என்று மட்டும் சொல்லியிருப்பின் வெள்ளையர் சமயத்தவரென எண்ணியிருக்கவும் கூடும். எந்தப் பெயர் முஸ்லிமின் செவியில் உறவாக ஒலிக்கும் என்பதை இக்கதையைப் பேணிய மக்கள் நன்கறிந்திருந்தனர். யஃகூப் நபி (அலை) அவர்களின் மறுபெயர் இஸ்ராயீல்; அவர்தம் மக்கள் பனூ இஸ்ராயீல். திருமறையின் பதினேழாம் அத்தியாயத்துக்கு அப்பெயரும் வழங்குகிறது. ‘யஹூதி’ என்பதை விடுத்து இப்பெயரை அச்சமூகம் கைக்கொண்டதற்கு முஸ்லிம் அண்டையாரின் மதிப்பும் ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். இக்கருத்துக்குக் கதை அரண் செய்கிறது.

பிற்காலத்தில் இம்மக்கள் தம் சமயத்தாரிடமே பெயரை மெய்ப்பிக்க நேர்ந்தது. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டில் குடியேறினர். பிற யூதரோடு அவர்கள் மணம் புரியுமுன் முன்னோர் வழியை ஆராய வேண்டுமென 1962-இல் அந்நாட்டுத் தலைமை ரப்பிமார் பணித்தனர். கொங்கணத்துச் சிற்றூரின் பெயரைச் சுமந்தவர் தம் பாட்டியின் குலத்துக்குச் சான்று தேடும் நிலை வந்தது. கிளர்ச்சி எழுந்தது. 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் நிகரான யூதரே என அறிவித்த பின்னரே அவ்வேறுபாடு விலக்கப்பட்டது. மைசூர்ச் சிறையில் உயிர் காத்ததாகக் கதை கூறும் அதே பெயர், சொந்தச் சமயத்தார் முன் ஐயத்துக்குள்ளாயிற்று.

இச்சமூகத்தில் தோன்றிய ஆங்கிலக் கவிஞர் நிசிம் எசக்கியேல் (1924–2004). அவர் பெயரின் ஈற்றில் நிற்பது ஊரன்று. ‘இறைவன் வலுவூட்டுவான்’ எனப் பொருள்படும் எபிரேயப் பெயர். நம் விரிவுரையாளர்கள் ஹிஸ்கீல் எனக் குறிப்பிடும் நபியின் பெயரும் அதுவே. ‘பேக்கிரவுண்ட், கேஷுவலி’ என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் அவர் பள்ளியில் பட்ட ஏளனத்தையும் அச்சத்தையும் சொல்கிறார். செக்காட்டிய முன்னோரையும், அவருள் படைவீரரான ஒருவரையும் சில அடிகளில் தொட்டுச் செல்கிறார். அத்தலைமுறைகளைக் கவிஞர் கடந்து போகும் விரைவு நமக்குக் குறையாகவே படுகிறது. செக்கின் உழைப்பும் சனிக்கிழமையின் உறுதியும் அவ்வளவு எளிதில் கடக்கத்தக்கன அல்ல. முன்னோரின் ஊர் எதுவெனக் கவிதை சொல்லவுமில்லை.

ஆயினும் அதன் முடிவு வலிமை வாய்ந்தது. உலகெலாம் திரிந்தும் தாம் இருக்கும் இடத்திலேயே இருப்பதெனக் கவிஞர் தீர்மானிக்கிறார். வேறு நாடு செல்ல வழி திறந்திருந்த ஒருவர் எடுத்த தீர்மானம் அது. குலத்தில் தொடங்கிய கேள்விக்கு அவர் ஊரில் விடை காண்கிறார். பெயரில் ‘கர்’ இல்லையெனினும், அவ்விகுதி செய்த பணியைக் கவிதை செய்துவிடுகிறது. இதனையே அக்கவிதையின் வெற்றியாக நாம் கொள்கிறோம்.

2011 கணக்கெடுப்பில் இந்திய யூதர் அனைவரும் 5,000-க்கும் குறைவு. அவர்தம் பெயர்களை இனிப் பெரும்பாலும் ஏடுகளிலேயே காண்போம். அவற்றை ஆராய்வோர் எபிரேய அகராதியோடு கொங்கணத்தின் நிலப்படத்தையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓசூரில் விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்குவோர்க்கும் நாம் சொல்வது இதுவே: அக்கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது தந்தையா, ஊரா, சாதியா என்று எழுதியவரையே கேளுங்கள், அவர் சொன்ன பிறகு எண்ணிக்கொள்ளுங்கள்.